ஷெட்யூலில் இல்லாத சாய்தளம் கட்டப்படாது



காலனிக்கு ஒரு சமுதாயக் கூடம் வேண்டும் என்று மனு எழுத நமக்குத் தெரியும். மனு கிடப்பில் போனால் சாலையில் உட்காரத் தெரியும். நிதி ஒதுக்கிய பிறகு கல்வெட்டில் யார் பெயர் என்று நடக்கும் சண்டையும் தெரியும். ஆனால் நிதி ஒதுக்கிய நாளுக்கும் பூமி பூஜை நாளுக்கும் நடுவில் ஒரு காகிதக் கட்டு தயாராகிறது. எஸ்டிமேட், வரைபடம், அளவுப் பட்டியல், நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்த ஒப்பந்த ஆவணம் அது. நம்மில் எத்தனை பேர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறோம்?

சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண் அந்தக் கூடத்துக்குள் நுழைவாரா, பார்வையற்ற ஒருவர் விழாமல் கழிப்பறைக்குப் போய் வருவாரா என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் முடிவாகிறது. அதனால் இந்தக் கட்டுரை டெண்டர் பற்றியது. சலிப்பான விஷயம்தான், ஆனாலும் சாதி அதற்குள்ளும் இருக்கிறது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம்.

மண்ணாடிப்பட்டு கொம்யூனில் திருக்கனூர், காட்டேரிக்குப்பம், சுத்துக்கேணி, சோரப்பட்டு, வாதானூர், திருபுவனை என்று எந்தப் பக்கம் போனாலும் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். நம் கிராமங்களில் மேட்டில் ஊரும் பள்ளத்தில் சேரியும் அமைந்தது தற்செயல் அல்ல. மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று யாரும் நமக்குச் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. சங்கராபரணி கரை மீறி ஓடியது. அந்த மாதிரி நாட்களில் மக்கள் ஒதுங்குவது பள்ளிக்கூடத்திலும் சமுதாயக் கூடத்திலும்தான்.

பள்ளமான நிலத்தில் கட்டடம் கட்டினால் பேஸ்மட்டத்தை உயர்த்தியாக வேண்டும். மூன்று அடி உயர்த்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாய்தளத்துக்கான அளவு 1-க்கு 12. அதாவது ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். மூன்று அடிக்கு 36 அடி. ஏற்றம் 750 மி.மீ.யைத் தாண்டினால் நடுவில் ஓர் ஓய்வுத் தளமும் வேண்டும். மேலே, கீழே, நடுவே தலா ஐந்தடி சமதளம் சேர்த்தால் 51 அடி. மடக்கிக் கட்டினாலும் அதற்கென்று இடம் வேண்டும். ஊர்ப்பக்கம் மேட்டு நிலத்தில் ஓரடி பேஸ்மட்டத்தோடு நிற்கும் கட்டடத்துக்கு 12 அடி நீளமும் இரண்டு சமதளமும் போதும்.

சாதி நமக்குப் பள்ளத்தைக் கொடுத்தது. பள்ளம் உயரமான பேஸ்மட்டத்தைக் கேட்கிறது. உயரமான பேஸ்மட்டம் நீளமான சாய்தளத்தைக் கேட்கிறது. கட்டடத்துக்குக் கிடைப்பதோ இரண்டு மூன்று சென்ட் புறம்போக்கு. கடைசியில் என்ன நடக்கும்? வாசல் படி ஓரமாக ஆறடி நீளத்துக்குச் சிமென்ட் பூசி ‘ரேம்ப்’ என்று கணக்கு முடிப்பார்கள். மூன்றடி உயரத்துக்கு ஆறடி நீளம் என்றால் 1-க்கு 2. அதில் நல்ல காலோடு ஏறுகிறவர்களே வழுக்கி விழுவார்கள். மழைக்கால இரவில் சக்கர நாற்காலியை அதில் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.

“அதற்குத்தான் சட்டம் இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதன் 44-ஆவது பிரிவின்படி அணுகல் விதிகளைப் பின்பற்றாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக்கூடாது, முடிவுச் சான்றிதழும் தரக்கூடாது. பழைய பொதுக் கட்டடங்களை விதிகள் வந்து ஐந்து ஆண்டுகளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்கிறது 45-ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்த முறைகளில் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் என்கிறது 89-ஆவது பிரிவு.

உச்ச நீதிமன்றமும் பேசியிருக்கிறது. பார்வைக் குறைபாடுள்ள மனித உரிமைச் செயல்பாட்டாளர் ராஜீவ் ரதூரி 2005-இல் போட்ட பொதுநல வழக்கில் 2017 டிசம்பரில் ஒரு தீர்ப்பு, 2024 நவம்பர் 8-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. இரண்டாவது தீர்ப்பு நமக்கு மிக முக்கியம். சட்டம் கட்டாயம் என்கிறது, ஆனால் அதன் கீழ் வந்த 15(1) விதி பரிந்துரைகளின் தொகுப்பாக மட்டுமே இருக்கிறது, ஆகவே அது சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் சொன்னது. கட்டாயமான குறைந்தபட்ச விதிகளை மூன்று மாதங்களில் வகுக்க ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. முடிவுச் சான்றிதழை நிறுத்திவைப்பது, அபராதம் விதிப்பது போன்ற சட்டத்தின் விளைவுகளை நடைமுறைப்படுத்தவும் சொன்னது. ‘செய்யலாம்’ என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள், ‘செய்தே தீர வேண்டும்’ என்று எழுத வேண்டும். தீர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

இதே பாடத்தை நம் ஊர் டெண்டருக்குப் பொருத்திப் பாருங்கள்.

மத்திய பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில் ஒரு வரிசை இருக்கிறது. ஆவணங்களுக்குள் முரண்பாடு வந்தால் எது செல்லும் என்பதற்கான வரிசை அது. முதலிடம் அளவுப் பட்டியலில் உள்ள வாசகத்துக்கு. அதைத்தான் அலுவலகங்களில் ஷெட்யூல் என்கிறார்கள். இரண்டாவது தனிக் குறிப்புகளும் சிறப்பு நிபந்தனைகளும். வரைபடம் மூன்றாவதுதான். பொதுவான தரக் குறிப்புகளும் இந்தியத் தர நிர்ணய அளவுகளும் அதற்கும் பின்னால்.

இது தெரியாமல் வரைபடத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறோம். வரைபடத்தில் அழகாக ஒரு சாய்தளம் போட்டிருக்கும், பக்கத்தில் சக்கர நாற்காலிப் படம்கூட இருக்கும். ஷெட்யூலைப் புரட்டினால் அதற்கான கான்கிரீட் அளவும் இருக்காது, கைப்பிடிக் குழாயின் அளவும் இருக்காது. கான்ட்ராக்டருக்குப் பணம் வருவது எம் புக்கில் அளந்து எழுதிய வேலைக்குத்தான். ஷெட்யூலில் இல்லாத வேலையை அவர் ஏன் செய்வார்? பிறகு நாம் போய்க் கேட்டால் அது ‘கூடுதல் வேலை’ ஆகிவிடும். கூடுதல் வேலைக்குத் தனி ஒப்புதல், தனி நிதி. “ஃபண்டு இல்லைங்க” என்ற பதில் அங்கேதான் பிறக்கிறது.

ஷெட்யூலில் இருந்தாலும் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘சாய்தளம் – 1 எண்’ என்று மட்டும் எழுதினால், சாய்ந்த எதையும் சாய்தளம் என்று பில் போடலாம். எழுத வேண்டியது இப்படி: “தரைமட்டம் முதல் பேஸ்மட்டம் வரை சாய்தளம். சாய்வு 1-க்கு 12-ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. தடையற்ற அகலம் 1,200 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மேலும் கீழும் 1,500 மி.மீ. சமதளம். இருபுறமும் இரண்டு உயரங்களில் தொடர்ச்சியான கைப்பிடி. சக்கரம் நழுவாமல் ஓரத் தடுப்பு. வழுக்காத மேற்பரப்பு.” கழிப்பறை என்றால் கதவின் தடையற்ற அகலம் 900 மி.மீ., கதவு வெளிப்பக்கம் திறப்பது, வாசலில் படி இல்லாதது, உள்ளே நாற்காலி திரும்ப 1,500 மி.மீ. வட்டம், பிடித்து எழ கம்பிகள். ஒவ்வொன்றும் அளக்கக் கூடியது. அளக்கக் கூடியதைத்தான் கேள்வி கேட்க முடியும்.

ஒரு நிபந்தனையும் சேர வேண்டும். அந்தக் கிராமத்து மாற்றுத்திறனாளிகளை வைத்து, டேப்போடு, கூட்டு ஆய்வு நடத்தி முடிக்கும்வரை கடைசி பில் பட்டுவாடா ஆகக் கூடாது. முடிவுச் சான்றிதழ் பற்றிய 44-ஆவது பிரிவுக்கு ஊர் மட்டத்தில் உயிர் கொடுக்க இதுவே வழி.

நம் தோழர்களே இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள்.

ஒன்று: “சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, பட்டா இல்லை. இப்போது ரேம்ப் முக்கியமா?” 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே அந்த விகிதம் 2.45. பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களிடையே 2.18. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். யார் செங்கல் சூளையில், கட்டட வேலையில், சாக்கடையில் உடம்பைத் தேய்க்கிறார்கள்? யார் வீட்டில் காய்ச்சலுக்கு மூன்றாவது நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? ஆக, இது வேறு யாருடைய பிரச்சினையும் அல்ல. ஊர்க் கூடத்தில் சாதியால் இடமில்லை, காலனிக் கூடத்தில் படியால் இடமில்லை என்றால் அந்த மனிதர் எங்கே போவார்? மகாத் குளத்தில் 1927-இல் பாபாசாகேப் இறங்கியது பொது இடம் எல்லோருக்கும் பொது என்பதை நிலைநாட்டத்தான். அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்லுக்குள் நம் சேரியில் தவழ்ந்து நகர்கிறவரும் உண்டு.

இரண்டு: “எங்க காலனியில வீல்சேர்ல யாரும் இல்லையே?” இருக்கிறார்கள். வெளியே வர வழியில்லாததால் கண்ணில் படவில்லை. வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். வயதான பாட்டிகளையும் வயிற்றுப் பிள்ளைக்காரிகளையும் சேர்த்துக்கொண்டால் சாய்தளம் யாருக்கு என்ற கேள்வியே எழாது.

நுணுக்கமான எழுத்துக்காகப் போராடுவது சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1973-இல் வந்த மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்றது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் நான்கு ஆண்டுகள் கையெழுத்தாகாமல் கிடந்தன. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கட்டடத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் நுழைந்து மூன்று வாரங்களுக்கும் மேல் அங்கேயே தங்கினார்கள். விதிகள் கையெழுத்தாயின. உள்ளே இருந்தவர்களுக்கு நாள்தோறும் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தது கறுப்பின மக்களின் பிளாக் பேந்தர் கட்சி. தலித் இயக்கம் மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தோடு எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

நம் பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006-இல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தலும் நின்றுபோனது. வார்டு உறுப்பினர் இல்லாத கொம்யூனில் ஒரு கட்டடத்தின் எஸ்டிமேட்டை எந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்பது? சிறப்புக்கூறு நிதியில் கட்டினாலும் அதன் ஆவணம் காலனிக்காரர்கள் கண்ணில் படாமலேயே தயாராகிவிடுகிறது. ஆகவே அந்த இடத்தை நாம் நிரப்ப வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. இடம் தேர்வு செய்யும்போதே பேஸ்மட்டம் எத்தனை அடி, சாய்தளத்துக்கு எத்தனை அடி என்று கேளுங்கள். இடம் போதாவிட்டால் அப்போதே வேறு இடம் கேட்க முடியும், தூண் எழுந்த பிறகு முடியாது. அரசின் மின் ஒப்பந்த இணையதளத்தில் டெண்டர் ஆவணத்தை இறக்கி, ஷெட்யூலை வரிவரியாகப் படியுங்கள். சாய்தளம், கைப்பிடி, கழிப்பறை இல்லையென்றால் டெண்டர் திறக்கும் தேதிக்கு முன்பே 44-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். வேலை நடக்கும்போது பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எம் புக் நகலைக் கேளுங்கள். வேலை நடக்கும் இடத்தை நேரில் ஆய்வு செய்வதும் அந்தச் சட்டம் தரும் உரிமைதான். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம்.

சிவில் படிக்கும் மாணவர்கள் நம் காலனிகளில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். மதகடிப்பட்டுப் பக்கம் பேருந்தில் கல்லூரிக்குப் போகிற தம்பி தங்கைகளே, எஸ்டிமேட் படிக்க உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்தப் படிப்பை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். காலனியில் உள்ள மாற்றுத்திறனாளிகளை நடுவில் உட்கார வைத்து, அடுத்து வரப்போகும் கட்டடத்தின் ஷெட்யூலைச் சத்தமாகப் படியுங்கள். என்ன விட்டுப்போயிருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். அதை எழுதிக் கொடுப்போம், டெண்டர் திறக்கும் முன்பே.

ஜெய்பீம்.