சந்தோஷத்தை ஷஃபிள் பண்ண முடியாது

"மனசு சரியில்லையா? இந்த ஐம்பது பாட்டைக் கேள், சரியாகிவிடும்." இப்போது எந்தப் பாட்டுச் செயலியைத் திறந்தாலும் இந்த வைத்தியம்தான் முதலில் கண்ணில் படுகிறது. உற்சாகத்துக்கு ஒரு பட்டியல், படிப்பதற்கு ஒன்று, காதல் தோல்விக்கு ஒன்று, தூங்குவதற்கு ஒன்று. மருந்துக்கடை அலமாரி தோற்றது போங்கள்! தலைவலிக்கு இது, ஜலதோஷத்துக்கு அது என்று எடுத்துக் கொடுக்கிற மாதிரிதான். கேட்கிறவர் தன் நிலைமையைச் சொன்னால் போதும், பாட்டை மிஷின் பார்த்துக்கொள்ளும்.

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. மனதைத் தூக்கி நிறுத்துகிற இசை எப்படி வேலை செய்கிறது என்பதையே இந்தப் பட்டியல்கள் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கின்றன, அதுதான் தப்பு. பத்து சந்தோஷப் பாட்டை அடுக்கினால் பத்து மடங்கு சந்தோஷம் வரும் என்பது, சர்க்கரையை மட்டும் கொட்டினால் பாயசம் ஆகிவிடும் என்கிற கணக்கு. ஜனங்கள் சோர்ந்துபோன நேரத்தில் வருஷக்கணக்காகத் தேடிப்போய்க் கேட்கிற ஆல்பங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் துக்கம் இருக்கும், கோபம் இருக்கும், பயமும் இருக்கும். அதெல்லாம் அங்கே இருப்பதால்தான் பின்னால் வருகிற சந்தோஷத்தை மனசு நம்புகிறது.

பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எடுபடாது. பாப் மார்லியின் 'எக்ஸோடஸ்' ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். "கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்கிற தொனியில் அவர் பாடிய 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்' இந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. உலகத்தில் இருக்கிற உற்சாகப் பட்டியல்களில் இந்தப் பாட்டு இல்லாத பட்டியலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காபிக்கடை, கடற்கரை ஓட்டல், குழந்தைகள் சிடி என்று அது நுழையாத இடம் கிடையாது.

ஆனால் அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? 1976 டிசம்பர் 3-ஆம் தேதி இரவு, ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் மார்லியின் வீட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்து சுட்டார்கள். தேர்தல் நேரம். இரண்டு கட்சி ஆட்களும் தெருவில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த காலம். மார்லிக்கு மார்பிலும் கையிலும் காயம். அவர் மனைவி ரீட்டாவுக்குத் தலையில் குண்டு. மேனேஜர் டான் டெய்லருக்குப் பலத்த காயம். எல்லோரும் உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 5-ஆம் தேதி, ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த 'ஸ்மைல் ஜமைக்கா' கச்சேரியில் மார்லி மேடையேறிப் பாடினார். பிறகு நாட்டை விட்டுக் கிளம்பி லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே உருவானதுதான் 'எக்ஸோடஸ்'. வெளிவந்தது 1977 ஜூன் 3. பெயருக்கே 'ஊரை விட்டு வெளியேறுதல்' என்றுதான் அர்த்தம்.

இப்போது ஆல்பத்தின் வரிசையைப் பாருங்கள். மொத்தம் 10 பாட்டு, சுமார் 37 நிமிடம். முதல் பாட்டு 'நேச்சுரல் மிஸ்டிக்' சட்டென்று ஆரம்பிப்பதில்லை. எங்கேயோ தூரத்திலிருந்து மெல்ல மெல்லச் சத்தம் கூடி வருகிறது. அந்தப் பாட்டில் ஆறுதல் எதுவும் கிடையாது. இன்னும் பலர் கஷ்டப்படப் போகிறார்கள் என்கிற எச்சரிக்கைதான். இரண்டாவது பாட்டில் மார்கஸ் கார்வியும், 1865-இல் தூக்கில் போடப்பட்ட பால் போகிளும் வருகிறார்கள். மூன்றாவது பாட்டு அடுத்தவனை நசுக்குகிறவர்களின் குற்றத்தைப் பற்றி. நாலாவது, அடிபட்டு விழுந்தவர்களை எழுந்து நின்று போராடச் சொல்வது. ஐந்தாவதாக ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் 'எக்ஸோடஸ்', ஒரு ஜனமே நடந்துபோவது மாதிரியான தாளத்தில். இத்தோடு இசைத்தட்டின் முதல் பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தில் நடனம், காதல், ஏக்கம் என்று மூன்று பாட்டு. அதற்கப்புறம்தான், ஒன்பதாவதாக, 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்'. கடைசியில் 'ஒன் லவ்'.

ஒன்பதாவது இடத்தில் அந்தப் பாட்டைக் கேட்பதும், ஐம்பது சிரிப்புப் பாட்டுகளுக்கு நடுவில் கேட்பதும் ஒன்றாகுமா? பட்டியலில் அது வாழ்த்து அட்டை. ஆல்பத்தில் அது சுடப்பட்ட ஒரு மனிதன் அரைமணி நேரம் கோபத்தையும் பயத்தையும் கடந்துவந்து சொல்கிற வார்த்தை. கஷ்டமே தெரியாதவன் தோளில் தட்டி "கவலைப்படாதே" என்றால் எரிச்சல்தான் வரும். பட்டவன் சொன்னால் காது கொடுக்கத் தோன்றும். இந்த வித்தியாசம் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். பட்டியல் போடுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

இது செயலிகள் வந்த பிறகு ஆரம்பித்த வியாதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1984-இல் மார்லியின் பாட்டுகளைத் தொகுத்து 'லெஜண்ட்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். பிரமாதமாக விற்றது. அதில் 'எக்ஸோடஸ்' ஆல்பத்திலிருந்து மட்டும் 5 பாட்டுகள். ஆனால் அந்த முதல் நான்கு பாட்டுகளில் ஒன்றுகூட இல்லை! காயத்தை வெட்டிவிட்டுக் கட்டை மட்டும் எடுத்து வைத்த மாதிரி. கோடிக்கணக்கான பேருக்கு மார்லி என்றால் கடற்கரை, சிரிப்பு, கவலையில்லாத வாழ்க்கை என்று ஆனதில் இந்த வெட்டுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு உதாரணம், 1997-இல் வந்த 'புவனா விஸ்டா சோஷியல் கிளப்'. 1996 மார்ச்சில் கியூபாவின் ஹவானாவில் பதிவானது. மாலி நாட்டு இசைக் கலைஞர்களையும் கியூபாக்காரர்களையும் சேர்த்து வாசிக்க வைப்பதுதான் முதலில் போட்ட திட்டம். மாலிக்காரர்களால் வந்துசேர முடியவில்லை. உள்ளூரில் ஒதுங்கிக் கிடந்த வயதானவர்களைத் தேடிப் பிடித்தார்கள். கிட்டார் வாசித்துப் பாடிய கம்பாய் செகுண்டோ பிறந்தது 1907. பாடகர் இப்ராஹிம் ஃபெரர் பாட்டை விட்டுவிட்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பியானோ வாசித்த ரூபன் கொன்சாலஸ் வீட்டில் பியானோவே இல்லை.

இந்த ஆல்பத்தைப் போட்டால் வீட்டுக்குள் வெயில் வந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லாதவர் குறைவு. ஆனால் உள்ளே இருப்பது என்ன? ஆரம்பப் பாட்டான 'சான் சான்' சோகச் சாயல் உள்ள நாலே கார்டுகளைச் சுற்றிச் சுற்றி வருவது. 'வெய்ந்தே ஆன்யோஸ்' இருபது வருஷத்துக்கு முந்தைய, செத்துப்போன காதலைப் பற்றியது. 'தோஸ் கார்டேனியாஸ்' காதலின் கூடவே சந்தேகத்தையும் வைத்திருக்கிற பாட்டு. நடுவில் 'எல் குவார்த்தோ தெ தூலா' மாதிரி ஒரு பெண்ணின் அறை தீப்பிடித்த கதையைக் கேலியும் கிண்டலுமாகப் பாடுகிற ஆட்டப்பாட்டும் உண்டு. கேட்டு முடித்தவருக்கு வருகிற சந்தோஷம் இந்த எல்லாம் கலந்ததுதான். எழுபது எண்பது வயதிலும் கைவிரல் மறக்கவில்லை, குரல் போகவில்லை என்பதைக் காதால் கேட்கிற சந்தோஷம் அது.

தமிழில் இல்லையா என்றால், ஏன் இல்லாமல்? இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்ட ஆல்பம். பாட்டு வரிகளே கிடையாது. "சந்தோஷமாக இரு" என்று யாரும் புத்தி சொல்வதில்லை. ஒரு வயலின் கேள்வி கேட்கும், இன்னொன்று துரத்தும், பாக்கும் கர்நாடக சங்கீதமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். அதில் ஒரு உருப்படியின் பெயரே 'மேட் மாட் மூட் ஃபியூக்'. ஃபியூக் என்றால் ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடுவது. அதிலிருந்து ஒரு குரலை மட்டும் பிடுங்கி 'உற்சாகம்' என்று ஒட்டுப் போட முடியாது. எல்லாம் சேர்ந்தால்தான் மூட்!

விஞ்ஞானமும் கொஞ்சம் பார்க்கலாம். 2011-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். உடம்பு சிலிர்க்கும் அளவுக்குப் பிடித்த இசையை அவரவரையே கொண்டுவரச் சொல்லி, கேட்கும்போது மூளையைப் படம் பிடித்தார்கள். உச்சமான இடம் வரும்போது மூளையில் டோபமைன் சுரந்தது. அது வருவதற்கு முன்னாலேயே, "இதோ வரப்போகிறது" என்று காத்திருக்கும் நொடிகளிலும் சுரந்தது. ஒரு பாட்டுக்குள்ளேயே காத்திருப்பு இவ்வளவு செய்கிறது என்றால், பத்துப் பாட்டின் வரிசையையும் மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு ஒன்பதாவது பாட்டு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஷஃபிள் பட்டன் முதலில் கொல்வது இந்தக் காத்திருப்பைத்தான். 2021 நவம்பரில் பாடகி அடேல் தன் புது ஆல்பம் வந்தபோது இதைத்தான் கேட்டார்: ஆல்பத்தைத் திறந்தால் தானாக ஷஃபிளில் ஓட வேண்டாம், வரிசையாகவே ஓடட்டும். ஸ்பாட்டிஃபையும் மாற்றியது.

பிறகு ஏன் இந்த மூட் பட்டியல் வியாபாரம்? காரணம் பழசு. அமெரிக்காவில் 1934-இல் 'மியூசாக்' என்று ஒரு கம்பெனி வந்தது. ஆபீசுக்கும் தொழிற்சாலைக்கும் கம்பி வழியாகப் பின்னணி இசை அனுப்புவது அதன் தொழில். 15 நிமிடத் துண்டுகளாக, போகப்போக வேகம் கூடுகிற மாதிரி அடுக்குவார்கள். வேலை செய்கிறவர்களின் சோர்வை விரட்ட. அவர்களின் சந்தோஷத்துக்காக இல்லை, உற்பத்திக்காக. 2011-இல் அந்தக் கம்பெனியை வாங்கிய நிறுவனத்தின் பெயர் என்ன தெரியுமா? 'மூட் மீடியா'. இதற்கு மேல் கிண்டல் பண்ண ஒன்றும் இல்லை :-)

இன்றைய செயலியிலும் கணக்குதான் முக்கியம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 நொடி ஓடினால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 'நேச்சுரல் மிஸ்டிக்' மாதிரி தூரத்திலிருந்து மெல்ல நடந்து வருகிற பாட்டுக்கு இந்தக் கடையில் என்ன மரியாதை கிடைக்கும்?

எதிர்வாதங்கள் வரும். "நாள் முழுக்க லேப், ரெக்கார்டு என்று செத்துச் சுண்ணாம்பாகி வருகிறவன் ஒரு குத்துப்பாட்டு கேட்டால் என்ன குறைந்துவிடும்?" ஒன்றும் குறையாது. தாராளமாகக் கேட்கட்டும், ஆடட்டும். டீக்குடிப்பது தப்பில்லை. டீயையே சாப்பாடு என்று விற்பதுதான் தப்பு. "ஆல்பம் என்பதே இசைத்தட்டில் இவ்வளவுதான் பிடிக்கும் என்பதால் வந்த வியாபார அளவுதானே?" என்று இன்னொரு கேள்வி. உண்மைதான், 1948-இல் வந்த எல்பி தட்டின் அளவு அது. வெண்பாவுக்கும்தான் தளை உண்டு, அடிக்கணக்கு உண்டு. அதற்காக வெண்பாவை வெட்டித் தனித்தனிச் சீராக விற்பார்களா? கட்டுப்பாடு எங்கிருந்து வந்தால் என்ன, அதற்குள் என்ன செய்தார்கள் என்பதல்லவா விஷயம்.

இது வெறும் ரசனைச் சண்டை இல்லை. சோகம் வந்தால் உடனே அடுத்த பாட்டுக்குத் தாவு என்று ஒரு தலைமுறைக்கே கை பழக்கப்படுகிறது. அரியர் வைத்தவன், வீட்டில் பணக்கஷ்டம் உள்ளவள், யாரையோ இழந்தவர் என எல்லோருக்கும் ஒரே பதில்: பட்டனை அழுத்து, சிரி. துக்கம் என்பது துடைத்துப் போட வேண்டிய அழுக்கு என்று ஆகிவிட்டால், அதைச் சொல்ல வருகிற நண்பனிடமும் அதே பட்டனைத்தான் தேடுவார்கள். (மனச்சோர்வு நோயாகவே இருந்தால் எந்த ஆல்பமும் மருந்தாகாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். அது வேறு விஷயம்.) நல்ல ஆல்பம் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. முதலில் துக்கத்தைச் சொல்ல விடுகிறது. அப்புறம்தான் எழுந்திருக்கச் சொல்கிறது.

சந்தேகம் இருப்பவர்கள் ஒரு வேலை செய்யலாம். இன்று ராத்திரி 37 நிமிடம் ஒதுக்கி, ஷஃபிளை அணைத்துவிட்டு, 'எக்ஸோடஸ்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கேளுங்கள். நடுவில் போனை நோண்டக் கூடாது. ஒன்பதாவது பாட்டு வரும்போது அது காபிக்கடையில் கேட்ட அதே பாட்டுதானா என்று பாருங்கள். அதே பாட்டுதான் என்று தோன்றினால் பட்டியலுக்கே திரும்பிப் போகலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.