காணாக்கடி

ஓசி என்றால் நமக்குத்தான் கால் தானாக நடக்குமே! 2022 ஜூலையில், பதினெட்டு வயது தாண்டிய எல்லோருக்கும் கொரோனா மூன்றாவது ஊசியை அரசாங்கம் இலவசமாகப் போட்டபோது வரிசையில் முதல் ஆளாக நின்றேன்.

பன்னிரண்டாம் நாள் ஆரம்பித்தது அரிப்பு. உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. காலையில் தொடை, மத்தியானம் முதுகு, ராத்திரி கழுத்து என்று கேம்ப் போட்டது.

''காணாக்கடி தம்பி, வேப்பிலை அரைச்சுப் பூசு'' என்றார் வீட்டுக்கார அம்மா. ''கத்தரிக்காயை நிறுத்து'' என்றார் மெஸ்காரர். கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் நிறுத்தியாச்சு. நிறுத்த பாக்கி இருந்தது மூச்சு மட்டும்தான். மெடிக்கல் ஷாப்பில் நானாக வாங்கிய மாத்திரை, அரிப்பைத் தூங்க வைப்பதற்குள் என்னைத் தூங்க வைத்தது... ஆபீஸில்!

முதலில் பார்த்த டாக்டர், ''ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது'' என்று சிரித்தார். காட்டலாம் என்றால் தடிப்பு ஒன்றுகூட இல்லை. ஈ.பி.காரர் வந்ததும் கரண்ட் வந்துவிடுமே, அந்தக் கதை.

இதற்குள் ஊரிலிருந்து அம்மா போன். ''உனக்கே இப்படின்னா எனக்கு அந்த ஊசி வேணாம்ப்பா.'' அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை வேறு. அதைக் கேட்டதும் அரிப்பே மறந்துபோச்சு.

தோல் டாக்டரம்மாவிடம் ஓடினேன். சிரிக்காமல் கேட்டார். ''ஒரு தடிப்பு 24 மணி நேரத்துக்குள்ள மறைஞ்சு வேற இடத்துல வரும். ஆறு வாரம் தாண்டினா நாள்பட்டதுன்னு சொல்வோம். தோல்ல இருக்கற சில செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுது, அதான் அரிப்பு. ஊசி தூண்டியிருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. அரிக்கிறப்போ மட்டும் இல்லாம, தூக்கம் வராத மாத்திரையா தினமும் போடுங்க. நாக்கு வீங்கினா, மூச்சு திணறினா உடனே ஆஸ்பத்திரி.''

''அம்மாவுக்கு?''

''உங்க உடம்பு வேற, அவங்க உடம்பு வேற. இந்த வயசுல, சர்க்கரையோட கொரோனா வந்தாத்தான் ஆபத்து. தாராளமாப் போடுங்க. உங்களுக்கு அடுத்த ஊசின்னா மட்டும் என்னைக் கேட்டுட்டுப் போடுங்க.''

ஸ்விட்சர்லாந்தில் வோ மாநிலத்தில் இதை முறையாக ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டார்கள். பூஸ்டர் போட்டவர்களில் லட்சத்துக்குச் சுமார் 24 பேருக்கு இப்படி நாள்பட்ட தடிப்பு. பெரும்பாலும் மாடர்னா ஊசிக்குப் பிறகு, சுமார் பத்து நாள் கழித்து. ஆக, 'சம்பந்தமே கிடையாது' என்பதும் தப்பு. 'ஊசியே விஷம்' என்பதும் தப்பு. லட்சத்தில் 24-ல் நானும் ஒருவனோ என்னவோ! லாட்டரியில்கூட இப்படி விழுந்ததில்லை.

பதினாலு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். வந்த மாதிரியே சொல்லாமல் போய்விட்டது.

அம்மாவை அப்போதே கூட்டிப் போய் ஊசி போட வைத்தேன். பன்னிரண்டாம் நாள் பயந்துகொண்டே போன் பண்ணினேன்.

''ஏதாவது தடிச்சிருக்காம்மா?''

''உங்கப்பா வார்த்தைதான் தடிச்சிருக்கு. அதுக்கு ஏதாவது மாத்திரை இருக்கான்னு கேளு!''