ஏசி அனுப்பினால் நோய் தீருமா?



எங்களிடம் எழுத்துப் படித்த ஒரு பையன், கொழும்பில் கடை வேலைக்குப் போய் ஹெரோயினுக்குப் பழகி வந்தான். ஒருநாள் லயத்தில் மூச்சடங்கிக் கிடந்தவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிர் தப்பியது. ஆனால் 'குடுகாரன்' என்று ஏசி, மறுநாளே டிக்கட் வெட்டி அனுப்பினார்கள். அடுத்து எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. மறுமுறை அவன் விழுந்தபோது, அந்த ஏச்சுக்கும் பொலிசுக்கும் பயந்து வீட்டார் விடியும் வரை காத்திருந்தார்கள். விடிந்தபோது அவன் இல்லை.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இப்படி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. இடுப்பு வலிக்குக் கொடுத்த ட்ரமடோல் மாத்திரையை விடமுடியாமல் கூட்டிக்கூட்டி விழுங்கிய அக்கா, வலிப்பு வந்து விழுவார். சாராயத்தோடு மாத்திரை கலந்தவருக்கு மூச்சே நின்றுவிடலாம். சிறையிலோ மறுவாழ்வு நிலையத்திலோ இருந்து வந்தவர் பழைய அளவை எடுத்தால், உடம்பு அதைத் தாங்காது. மனம் வெறுத்து வேண்டுமென்றே விழுங்கியவருக்கு மனநல வைத்தியரும் தேவை. யார், என்ன எடுத்தார், ஏன் எடுத்தார் என்று கேட்காமல் எல்லோருக்கும் ஒரே பட்டம் கட்டினால் வைத்தியம் பாதியில் நின்றுவிடும்.

மூச்சை மீட்க நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது. பக்கத்தில் இருக்கக்கூடியவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2014இலேயே சொல்லிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போக மலைப்பாதையில் வெகுநேரம் எடுக்கும் நமக்கு அது தோட்ட வைத்தியசாலையிலேயே இருக்க வேண்டாமா?

நமது கோரிக்கைகள் மூன்று. தோட்ட வைத்தியசாலைகளுக்கு நலோக்சோனும், அங்குள்ள வைத்திய உதவியாளருக்குப் பயிற்சியும் வேண்டும். அவசரப் பிரிவில் தமிழில் விசாரித்து எழுத ஒருவர் இரவு பகலாக இருக்க வேண்டும். டிக்கட் வெட்டும்போது, தொடர்ந்து சிகிச்சை பெறும் இடத்துக்கான கடிதத்தைக் கையில் கொடுக்க வேண்டும்.

நம் பக்கமும் செய்ய வேண்டியது உண்டு. கூப்பிட்டும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கியிருந்தால் உடனே 1990க்கு அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். தேத்தண்ணீர் ஊற்றாதீர்கள். மாத்திரை அட்டையையும் கொண்டுபோய், எடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கண் விழித்தவுடன் வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். நலோக்சோனின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், அதன்பின் மூச்சு மறுபடி அடங்கலாம்.

தோட்டத் தலைவர், தலைவிமாரே, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். சம்பளத்துக்குப் போராடும் நாம், சம்பாதிக்க வேண்டிய பிள்ளைகளின் உயிருக்கும் போராட வேண்டும்.