எந்தத் தண்ணீர் என்று கேட்டவர்

யமுனைக் கரையிலுள்ள வஜீராபாத்தில் மறுபடியும் அம்மோனியா ஏறிவிட்டது. சுத்திகரிப்பைக் குறைத்திருக்கிறோம், குழாயில் அழுத்தம் குறையும், தண்ணீரைச் சேமித்து வையுங்கள் என்று தில்லிக் குடிநீர் வாரியமான ஜல் போர்டின் அறிவிப்பு வந்தது. எங்கள் கரோல் பாகும் பட்டியலில் இருந்தது. தில்லியில் குளிர்காலம் பிறந்தால் பனிமூட்டம் மாதிரி இந்த அறிவிப்பும் வந்துவிடும். ஹரியாணாவின் பானிபட், சோனிபட் பக்கத்து ஆலைக் கழிவும் சாக்கடையும் யமுனையில் இறங்குகின்றன. லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவைத் தாண்டி அம்மோனியா வந்தால் வஜீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்கள் திணறுகின்றன. தில்லி ஹரியாணாவைக் கை காட்டும், ஹரியாணா தில்லியைக் கை காட்டும். இந்த வாரம் இதைத்தான் எழுத நினைத்திருந்தேன். அதற்குள் வீட்டு டிஷ்வாஷர் என் கோபத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டது.

குழாயில் வரத்து குறைந்தால் எங்கள் கட்டடத்தில் போர் மோட்டார் அதிக நேரம் ஓடும். இரண்டு தண்ணீரும் கீழே ஒரே தொட்டியில் விழுந்து, கலந்து மேலே ஏறும். இந்த வாரம் அப்படித்தான். டிஷ்வாஷரிலிருந்து எடுத்த எவர்சில்வர் தட்டெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல வெளிறிக் கிடந்தன. டம்ளரை விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வந்தது. மாவுப் பாத்திரத்தின் விளிம்பில் மாவு காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது. கடைசியில் தண்ணீரைச் சூடாக்கும் கட்டத்திலேயே இயந்திரம் நின்று, திரையில் பிழை எண்ணைக் காட்டியது.

நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்தான். கதவைத் திறந்தான், எண்ணைப் பார்த்தான், கைபேசியில் எதையோ தட்டினான். ஹீட்டர் போய்விட்டது, போர்டும் மாற்றவேண்டியிருக்கலாம் என்றான். அவன் சொன்ன தொகை இயந்திரத்தின் விலையில் பாதியை நெருங்கியது. அவனை நான் நோகவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள், அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவ்வளவுதான். என் கோபம் அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல். தண்ணீரை வைத்தே வேலை செய்யும் ஓர் இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவன், வந்ததிலிருந்து போகும்வரை தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பணத்தைக் கொட்டுவதற்கு முன் எவரும் வீட்டிலேயே பார்த்துவிடக் கூடியவை சில உண்டு. அடியில் இருக்கும் வடிகட்டியைத் திருகி எடுத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்க்கலாம். நம் வீடுகளில் அதில் சிக்குவது கடுகும் கறிவேப்பிலைக் காம்பும் தேங்காய்த் துருவலும்தான். சுழலும் கைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று தெரியும். குண்டூசியால் குத்திவிட்டு வினிகரில் ஊறவைத்தால் திறந்துகொள்ளும். குழாயோடு சேரும் இடத்தில் ஒரு சிறு வலை இருக்கும், அதில் மண் சேரும். கழிவுநீர்க் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அலுமினிய இட்லித்தட்டு கறுத்துப்போவது இயந்திரத்தின் கோளாறு அல்ல. டிஷ்வாஷர் சோப்பின் காரத்துக்கு அலுமினியம் தாங்காது, அதைக் கையால் கழுவுவதே சரி.

இவ்வளவும் பார்த்தாயிற்று. வெளுப்பு போகவில்லை.

கஃபார் மார்க்கெட் பக்கம் வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரை அடுத்த வீட்டார் அனுப்பிவைத்தார்கள். வந்தவர் இயந்திரத்தின் பக்கம் போகவேயில்லை. அடுப்படிக் குழாயைத் திறந்து இரண்டு விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். “மேடம்ஜி, இது எந்தத் தண்ணீர்? ஜல் போர்டா, போரா?” என்று கேட்டார். “இரண்டும் கலந்தது, பாயி சாஹப். இந்த வாரம் போர்தான் அதிகம்” என்றேன். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, துணி சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினார். நுரை வரவில்லை. தண்ணீர் பால் போலக் கலங்கி, மேலே தயிர்த் திப்பியாக ஏதோ மிதந்தது. அதற்கப்புறம்தான் டிஷ்வாஷரைத் திறந்து பொத்தான்களை அழுத்தி ஓர் எண்ணைக் காட்டினார். தண்ணீரை மென்மையாக்கும் பகுதிக்கான அளவு, மிகக் குறைந்த படியில் கிடந்தது. பொருத்திக் கொடுத்தவர்கள் அதைத் தொடவே இல்லை.

அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்லவேண்டும், விற்பவர்கள் சொல்வதில்லை. இயந்திரத்தின் அடியில் ஓர் அறையில் சோடியம் ஏற்றிய பிசின் மணிகள் இருக்கின்றன. தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அவை பிடித்துக்கொண்டு சோடியத்தை விட்டுக்கொடுக்கும். மணிகள் நிறைந்துபோனால் உப்புக் கரைசலால் அவற்றைக் கழுவி மறுபடி தயார்ப்படுத்த வேண்டும். உப்பு போடச் சொல்வது இதற்குத்தான், பாத்திரம் பளபளக்க அல்ல. சமையல் தூளுப்பு இதற்கு ஆகாது. அது கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் கரையாமல் நின்று துளைகளை அடைக்கும். எவ்வளவு தண்ணீருக்கு ஒருமுறை கழுவவேண்டும் என்று இயந்திரத்துக்கு நாம்தான் சொல்லவேண்டும். அதற்கு நம் தண்ணீரின் கடினத்தன்மை தெரியவேண்டும். அளவு தவறினால், சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து ஹீட்டரின் மேல் ஓடாகப் படியும். ஓடு படிந்த ஹீட்டர் தண்ணீருக்குச் சூட்டைக் கொடுக்க முடியாமல் தானே கொதிக்கும். திரையில் வந்த எண்ணுக்குக் காரணம் அதுதான். பெரியவர் சிட்ரிக் அமிலம் போட்டு வெறும் இயந்திரத்தை ஓடவிட்டார், அளவை உயர்த்தினார், உப்பை நிரப்பினார். ஹீட்டர் இன்றும் அதே ஹீட்டர்தான்.

இது புதுச் சிக்கலும் அல்ல. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஜோசஃபின் காக்ரன் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1886-ல். 1893 சிகாகோ கண்காட்சிக்குப் பிறகு ஓட்டல்கள் வாங்கின, வீடுகள் வாங்கவில்லை. அன்றைய வீடுகளில் அவ்வளவு வெந்நீர் கிடையாது. பல ஊர்களில் தண்ணீரின் கடினத்தில் சோப்பு சரியாக நுரைப்பதும் இல்லை.

பெரியவர் விரலை நனைத்துப் பார்த்த அந்தக் கணத்தில் எனக்கு நினைவு வந்தவர் உருதுக் கவிஞர் காலிப். காலிப்பின் கடிதங்களைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். கவிதையை விடுங்கள், 1857 கிளர்ச்சிக்குப் பிந்தைய தில்லி எப்படி இருந்தது என்று அறிய அந்த உருதுக் கடிதங்களுக்கு இணையாக இன்னொன்றை நான் படித்ததில்லை. நண்பர் மீர் மெஹ்தி மஜ்ரூஹுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் அவர் கிணறுகளைப் பற்றி எழுதுகிறார். பெயர்போன ஒரு கிணறு மூடிப்போயிற்று. லால் டிக்கி என்ற குளத்தை ஒட்டிய கிணறுகள் ஒட்டுமொத்தமாக உவர்த்துவிட்டன. உவர்நீரையாவது குடித்துத் தொலைக்கலாம் என்றால் அதுவும் சூடாக வருகிறது. கிணறுகள் என்ன ஆயின என்று பார்க்கத் தானே வண்டியேறிப் போனதாகச் சொல்கிறார். ஜாமா மசூதியிலிருந்து ராஜ்காட் வாசல்வரை வெறும் பாலையாகக் கிடந்தது என்கிறார். செங்கோட்டையைச் சுற்றியிருந்த வீடுகளையெல்லாம் ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளியிருந்த காலம் அது.

எத்தனை முறை படித்தாலும் என்னை நிறுத்தும் இடம் இது. அறுபதை எட்டிய மனிதர். நண்பர்களில் பாதிப்பேர் தூக்கிலோ நாடுகடத்தலிலோ போய்விட்டார்கள், ஓய்வூதியமும் சில ஆண்டுகள் நின்றுபோயிருந்தது. அந்த நிலையிலும் புறப்பட்டுப்போய் ஒவ்வொரு கிணற்றின் தண்ணீரும் எப்படி இருக்கிறது என்று விசாரித்து, ஊரைவிட்டுப் போன நண்பருக்கு எழுதுகிறார். ஊர் நன்றாக இருக்கிறதா என்பதற்கு அவர் கண்ட சோதனை அதுதான். மஜ்ரூஹ் அப்போது அடைக்கலமாகியிருந்த ஊர், மேலே சொன்ன அதே பானிபட்.

லால் டிக்கி, கோட்டைக்கு முன்னால் கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ பிரபு காலத்தில் செம்மணற்கல்லால் கட்டிய குளம். அலி மர்தான் கால்வாயின் தண்ணீர் அதில் நிறைந்தது. ஷாஜஹான் காலத்தில் வந்த அந்தக் கால்வாய் பதினெட்டாம் நூற்றாண்டில் தூர்ந்து, 1820 வாக்கில் மறுபடி திறந்து, சாந்தினி சௌக்கின் நடுவே ஓடியது. ஆற்றின் நன்னீர் ஓடி மண்ணில் கசிந்தவரை பக்கத்துக் கிணறுகள் பிழைத்தன. மற்றபடி அந்த மண்ணின் இயல்பு உவர்தான். அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் தொகுத்த ‘டையிங் விஸ்டம்’ நூலில் ஒரு கணக்கு உண்டு: 1843-ல் ஷாஜஹானாபாத்தில், அதாவது பழைய தில்லியில், 607 கிணறுகள், அவற்றில் நல்ல தண்ணீர் தந்தவை 52.

அந்த 52 எவை என்று ஊருக்கே தெரிந்திருக்கும். தண்ணீர் சுமந்து விற்ற பிஷ்டிகள் தோல்பையைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போயிருப்பார்கள். நம் பக்கத்திலும் அப்படித்தானே? சிவகங்கை, இராமநாதபுரம் சீமையில் குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் ஊருணித் தண்ணீர், குளிக்கவும் கழுவவும் வீட்டுக் கிணறு. ஊருணியில் கால் நனைக்க விடமாட்டார்கள். சவர்த் தண்ணீரில் பருப்பு வேகாது என்பதை எந்த ஆய்வகமும் அந்தப் பெண்களுக்குச் சொல்லித்தரவில்லை. எந்தத் தண்ணீர் எதற்கு என்று ஒரு சிறுமிக்குக்கூடத் தெரிந்தது.

நகரம் இந்த அறிவைத்தான் பிடுங்கிக்கொண்டது. ஆற்று நீர், போர் நீர், டேங்கர் நீர் எல்லாம் ஒரு தொட்டியில் விழுகின்றன. குழாயைத் திறந்தால் வருவது எது என்று கேட்க ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. தெரியாத தண்ணீருக்குப் பயந்து வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. சுத்திகரிப்பான் வாங்கினோம். அது வீணாகக் கொட்டுகிற தண்ணீரைப் பற்றி முன்பு எழுதியபோது உங்களில் பலர் என்மேல் வருத்தப்பட்டு எழுதினீர்கள், “வேறு வழி என்ன?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. 2019 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குழாய்நீர்ச் சோதனை முடிவு வந்தபோது, தில்லியில் எடுத்த 11 மாதிரிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. சென்னையின் பத்தில் ஒன்றும் தேறவில்லை. மும்பையின் பத்தும் தேறின. ஒரு வாரம் அரசியல் சண்டை நடந்தது, பிறகு எல்லாரும் மறந்தார்கள். என் தெருவில் வருவது எப்படிப்பட்ட தண்ணீர் என்று எனக்குச் சொல்லும் ஏற்பாடு மட்டும் அதற்குப் பிறகும் வரவில்லை.

வழி பெரிதாக ஒன்றும் வேண்டாம். இந்தியத் தரப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும். வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். அளப்பதற்கான காகிதப் பட்டைகள் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. எங்கள் கட்டடத்தில் ஜல் போர்டுத் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் தனித்தனியே பிடித்துச் சோதித்தேன். முதலாவது 200-ஐ ஒட்டி நின்றது, இரண்டாவது 600-ஐத் தாண்டியது. கலக்காமல் இரண்டு தொட்டியாக வைத்தால் சமையலறைக்கு நல்ல தண்ணீரும் கழிப்பறைக்குப் போர்த் தண்ணீரும் கொடுக்கலாம். அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறேன். அடுக்ககங்களில் இருப்பவர்கள் நீங்களும் கேளுங்கள். இயந்திரம் பொருத்த வருபவரிடம், தண்ணீரைச் சோதித்து அளவை வைத்த பிறகே கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லுங்கள்.

ஜல் போர்டுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் அனுப்பும் பில்லில் வாடிக்கையாளரின் கே நம்பர் இருக்கிறது, மீட்டர் அளவு இருக்கிறது, இலவசமான 20 கிலோலிட்டர் கணக்கும் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: இந்த மாதம் உங்கள் பகுதிக்கு எந்த நிலையத்திலிருந்து தண்ணீர் வந்தது, அதன் கடினத்தன்மை எவ்வளவு. சென்னைக் குடிநீர் வாரியமும் இதைச் செய்யலாம்.