பாட்டும் சாட்சியே

சரித்திரம் எழுதக் கல்லும் காசுமே போதும், புலவர் வாக்கு கற்பனையாதலால் ஆதாரமாகாது என்னும் கொள்கை கற்றோர் பலரிடையே ஐயத்துக்கு இடமற்ற சித்தாந்தம்போல் வேரூன்றியிருக்கிறது. சங்கப் பாடல்கள் கூறும் யவன வாணிகத்தை முன்னிறுத்தி, அவர்கள் காட்டும் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

புலவர்கள் மிகைபடக் கூறுவர் என்பது முதற் காரணம். மன்னனது வீரத்தையும் கொடையையும் பாடுமிடத்து இது பொருந்தலாம். ஆனால், தலைவியைப் பிரிய மனமில்லாத தலைவன் தன் நெஞ்சோடு உரையாடும் அகநானூற்று 149-ஆம் பாட்டில், யவனர் பொன்னைக் கொடுத்து மிளகு ஏற்றிச் சென்ற முசிறியைப் பற்றி எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் போகிற போக்கில் சொல்லும் செய்தியை மிகைப்படுத்துவதால் அக்காதலுக்கு என்ன ஆதாயம்? ரோமாபுரியின் பிளினியோ, ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஷியஸ் என்னும் ரோமானியக் காசுக்குக் குறையாமல் இந்தியா உறிஞ்சிவிடுகிறதே என்று வயிறெரிந்து எழுதினார். ஒருவரையொருவர் அறியாத இருவர், ஒருவர் பெருமிதத்தோடும் மற்றவர் மனக்குறையோடும், பொன் சென்ற திசையை ஒன்றாகவே குறித்திருக்கின்றனர்.

அகழ்வாராய்ச்சி இருக்க இலக்கியம் எதற்கு என்பது இரண்டாவது. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில், கோயில் தரையில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் சுமார் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்றின் ஒருபுறம் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தமும், மறுபுறம் ‘ஹெர்மபொல்லோன்’ என்னும் கப்பல் ஏற்றி வந்த தந்தம், சடாமாஞ்சி முதலிய சரக்குகளின் மதிப்பும் காணப்படுகின்றன. இவை விலைமதிப்பற்ற சான்றுகளே. எனினும், கப்பல் கொணர்ந்த பொன் முசிறியில் எவ்வாறு கரையேறிற்று என்பதை மிளகுச் சாடி சொல்லாது. உப்பங்கழித் தோணிகளில் ஏறி அது கரை சேர்ந்ததைப் புறநானூற்று 343-ஆம் பாட்டே சொல்லுகிறது. கப்பல்கள் கரைக்கு நெடுந்தொலைவில் நிற்பதால் சரக்குகளைச் சிறு படகுகளில் ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது என்று பிளினியும் முசிறியைக் குறை கூறுகிறார். தமிழ்ப் புலவர் வளமாகக் கண்டதை ரோமர் இடையூறாகக் கண்டார். துறையின் அமைப்பு ஒன்றே.

அந்நியர் வந்து போயினர், தமிழர் கரையிலேயே இருந்தனர் என்பது மூன்றாவது. செங்கடற்கரையின் குஸேர் அல் கதீமில் தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்னும் பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. தாய்லாந்தில் தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவரின் உரைகல்லும் கிடைத்திருக்கிறது. இதற்குமேல் மறுமொழி வேண்டியதில்லை.

பாட்டு ஆண்டைக் குறிப்பதில்லை என்பது மெய்தான். காசு அதைக் குறிக்கும். காசு காணாத மனிதரையும் துறையையும் பாட்டு காட்டும். ஆதலின், நம் பல்கலைக்கழகங்களில் சரித்திர மாணவர் சங்க நூல்களையும், இலக்கிய மாணவர் அகழ்வாராய்ச்சி அறிக்கைகளையும் கட்டாயம் பயிலுமாறு பாடத்திட்டத்தைத் திருத்துவதே செய்யத்தக்க காரியமாகும்.