பள்ளிக்கூடச் சுவர் யாருடையது?

தோழர்களே, நம்ம வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர் கேட்காமலே சுவரை இடிச்சா சும்மா இருப்போமா? மூடிய அரசுப் பள்ளியைக் குத்தகைக்கு எடுக்கும் தனியாருக்கு மட்டும் என்ன சலுகை?

1882 சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108 என்ன சொல்லுது? குத்தகைதாரர் உரிமையாளரின் கட்டடத்தை இடிக்கக் கூடாது. அனுமதியில்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பவும் கூடாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு.

அப்படி எழுதிக் கொடுத்திருக்காங்களா? அதுதான் நம்ம கேள்வி.

வகுப்பறைகளை இடிச்சு ஒரே கூடமாக்கிட்டா, குத்தகை முடிஞ்ச பிறகு அங்கே பள்ளி எப்படித் திரும்பும்?

உங்க ஊரில் இப்படி நடந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்த நகலைக் கேளுங்க. இடிச்சவர் செலவிலேயே வகுப்பறை திரும்பக் கட்டப்படணும்!

#பள்ளி_மக்கள்_சொத்து