மீன் கொட்டாவி விடுமா?

கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போடாத பெண்கள் நம்மில் உண்டா? பிரகாரம் சுற்றி முடித்ததும் குழந்தைகள் நம்மை இழுத்துக்கொண்டு போவது அங்கேதான். "அம்மா, மீன் கொட்டாவி விடுது பாரேன்!" என்று கை தட்டுவார்கள். நாமும் சிரித்துவிட்டு இன்னொரு பிடி பொரியை அள்ளி வீசுவோம்.

பகலில் பொரிக்காக மேலே வருகிற மீன் வேறு. விடியற்காலையில், யாரும் எதுவும் போடாதபோதே, குளம் முழுக்க மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது கொட்டாவியும் இல்லை, பசியும் இல்லை, சகோதரிகளே. அவைகளுக்கு மூச்சு முட்டுகிறது.

மீனும் நம்மைப்போலப் பிராணவாயுவைத்தான் சுவாசிக்கிறது. தண்ணீரில் கரைந்திருப்பதைச் செவுள் வழியாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் கரைந்திருப்பது எவ்வளவு தெரியுமா? நாம் இழுக்கிற காற்றில் லிட்டருக்குச் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. தண்ணீரிலோ, 30 டிகிரி சூட்டில், லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் கரைந்து நிற்கும். 20 டிகிரியில் 9 மில்லிகிராம் கரையும். 35 டிகிரியில் 7-தான். வெயில் ஏற ஏறத் தண்ணீரின் கையிருப்பு குறைகிறது, மீனின் தேவையோ கூடுகிறது. கட்லா, ரோகு போன்ற மீன்கள் நன்றாக வளர 5 மில்லிகிராமாவது வேண்டும். 2-க்குக் கீழே போனால் மேலே வந்து தவிக்க ஆரம்பிக்கும். 1-க்கும் கீழே இறங்கி அங்கேயே நின்றால் பிழைப்பது கஷ்டம். வாய்க்கும் கைக்கும் சரியாய்ப் போகிற குடித்தனம் மாதிரிதான். ஒரு நாள் வரவு தவறினால் உலை வைக்க முடியாது.

அந்த வரவு எங்கிருந்து வருகிறது? காற்று பட்டுக் கொஞ்சம், தண்ணீரில் இருக்கும் பாசி கொடுப்பது நிறைய. வெயில் அடிக்கும்போது பாசி பிராணவாயுவை வெளியே விடுகிறது. பொழுது சாய்ந்தால் அதே பாசி, மீனோடு போட்டி போட்டுக்கொண்டு பிராணவாயுவை இழுக்க ஆரம்பித்துவிடும். ராத்திரி முழுக்கச் செலவு, வரவே கிடையாது. அதனால் கையிருப்பு அடிமட்டத்துக்கு வருவது விடிவதற்குச் சற்று முன்னால். இரண்டு மூன்று நாள் மேகமூட்டமாக இருந்தால் பகல் வரவும் போச்சு. பச்சைப் பசேலென்று இருக்கிற குளத்தைப் பார்த்து 'ஆஹா, செழிப்பு' என்று நினைக்கிறோமே, ஆபத்து அதிகம் அங்கேதான்.

இது தெரியாததால் எங்கள் பக்கத்தில் இரண்டு வீடுகளுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று. சந்தவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மகளிர் குழுப் பெண்கள் கடன் வாங்கிப் பண்ணைக்குட்டையில் கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தார்கள். என் நாத்தனாரும் அதில் ஒருத்தி. மீன் கிலோ எடைக்கு வரும் சமயம். இரண்டு நாளாக மூடாப்பு. மூன்றாம் நாள் காலை பார்த்தால் குட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாக மீன் மிதக்கிறது. "அண்ணி, யாரோ மருந்து கலந்துட்டாங்க" என்று ஓடி வந்து அழுதாள். வரப்புத் தகராறில் இருந்த அடுத்த நிலத்துக்காரர் மேல் எல்லோருக்கும் சந்தேகம். போலீசுக்குப் போவதற்கே கிளம்பிவிட்டார்கள்.

மீன் வளர்த்துப் பழக்கப்பட்ட ஒரு பெரியவர் வந்து பார்த்தார். அவர் கேட்டது மூன்றே கேள்வி. எத்தனை மணிக்குச் செத்தது? பெரிய மீன் செத்ததா, குஞ்சா? விரால் இருந்ததே, அது என்ன ஆயிற்று? விடிகிற நேரம், செத்ததெல்லாம் பெரிசு, விரால் உயிரோடு துள்ளுகிறது. "அப்போ விஷமில்லைம்மா, மூச்சு முட்டித்தான் செத்திருக்கு" என்று சொல்லிவிட்டார். விஷம் நேரம் பார்க்காது, பெரிசு சிறிசும் பார்க்காது. பிராணவாயு குறைந்தால் பெரிய மீன்தான் முதலில் சாகும். விராலும் கெளுத்தியும் மேலே வந்து காற்றையே நேராக விழுங்கிப் பிழைக்கிற ஜாதி. இந்த மூன்று கேள்வியையும் குட்டை வைத்திருப்பவர்கள் மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளலாம். செத்த மீனின் நஷ்டம் அடுத்த வருஷம் தீர்ந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் மேல் போட்ட பழி அவ்வளவு சீக்கிரம் தீருகிறதா என்ன?

சரி, என்ன செய்வது? தண்ணீருக்குள் காற்றைக் கலக்க வேண்டும். ஜவ்வாது மலைக்குப் போனவர்கள் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பீமன் அருவியைப் பார்த்திருப்பீர்கள். பாறையில் விழுந்து நுரைத்துச் சிதறுகிற தண்ணீர் வேண்டிய பிராணவாயுவை அங்கேயே வாங்கிக்கொண்டுதான் கீழே வருகிறது. நின்ற தண்ணீருக்கு அந்த வசதி இல்லை. அதை நாம் செய்துகொடுக்க வேண்டும். நாகப்பட்டினம் பக்கத்து இறால் பண்ணைகளில் துடுப்புச் சக்கரங்கள் சுற்றிச் சுற்றித் தண்ணீரை வாரி இறைப்பது இதற்காகத்தான். ஏரேட்டர் என்பார்கள். கரையில் மோட்டாரை வைத்துக் குழாய் வழியாகக் குளத்தின் அடியில் குமிழி விடுகிற வகையும் உண்டு. குமிழி எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மெதுவாக ஏறும், நிறையக் கரையும். குமிழி ஏறும்போது அடித்தண்ணீரையும் மேலே இழுத்து வந்து காற்றுப்படச் செய்கிறது. பாதிப் பலன் அதில்தான்.

அடித்தண்ணீர் என்றதும் சேற்றைச் சொல்லியாக வேண்டும். இலை, தழை, சாணம், மீனின் கழிவு, நாம் போட்ட பொரி எல்லாம் அங்கேதான் போய்த் தங்குகின்றன. காற்று இருந்தால் நல்ல கிருமிகள் இவற்றை வாசனையில்லாமல் மக்கச் செய்யும். மீனுக்கு ஆகாத அம்மோனியாவையும் தீங்கில்லாத உப்பாக மாற்றிவிடும். காற்று இல்லாவிட்டால் வேறு கிருமிகள் குடியேறிவிடும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறதே, அது அவைகளின் வேலை. கோடையில் ஏரி வற்றி, மண் வெடித்துக் காய்ந்ததும் வண்டல் எடுத்து வயலுக்கு அடித்தார்களே நம் பெரியவர்கள், அப்போது சேற்றுக்கும் காற்றும் வெயிலும் கிடைத்தது.

பட்டு நெய்கிற ஆரணிப் பக்கத்துப் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுக்கிறோம் அல்லவா? நூறு கிராம் நூலில் இருபது முதல் முப்பது கிராம் வரை அந்தப் பசைதான். அது புரதம். அதைச் சாப்பிடப் பெருகுகிற கிருமிகள் தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவைக் குடித்துத் தீர்த்துவிடும். சாயத்தண்ணீர் நிறமாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது, எல்லோரும் சத்தம் போடுகிறோம். பசைத்தண்ணீர் அப்பாவி மாதிரி இருக்கும். அதையும் குட்டையில் விடக்கூடாது.

பெங்களூர் அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்து பிராணவாயு குறைந்ததே காரணம் என்றார்கள். இப்படிச் சாக்கடை வந்து விழுந்துகொண்டே இருந்தால் எத்தனை சக்கரம் சுற்றியும் பிரயோஜனமில்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். முதலில் சாக்கடையை அடைக்க வேண்டும்.

மீன் செத்தால் நமக்கென்ன என்று இருக்கவும் முடியாது. கொசுப்புழு தண்ணீருக்குள் இருந்தாலும் வால்பக்கத்துக் குழாயை மேலே நீட்டிக் காற்றை இழுத்துக்கொள்கிறது. ஆகவே மூச்சு முட்டிய குளத்தில் புழுவைத் தின்கிற மீன் சாகும், புழு சாகாது. யானைக்கால் நோயைப் பரப்புகிற க்யூலெக்ஸ் கொசுவுக்கு இப்படிப்பட்ட அழுக்குத் தண்ணீர்தான் இஷ்டம். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு குட்டை இருந்தால் கொசுவர்த்திச் சுருள் எத்தனை வாங்கினாலும் போதாது.

ஏரேட்டர் வாங்க வசதியில்லாத குட்டைக்கு: மீன் வாய் பிளப்பதைப் பார்த்ததும் தீனியையும் சாணத்தையும் நிறுத்துங்கள். கிணற்று மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் உயரத்திலிருந்து பூவாகச் சிதறி விழும்படி குழாயைக் கட்டுங்கள். கரண்டு இல்லையென்றால் மூங்கில் கழியால் தண்ணீரை அடித்துக் கலக்குவதும் உதவும். சேற்றை மட்டும் கிளறாதீர்கள். மெஷின் இருக்கிறவர்கள் நடுராத்திரியிலிருந்து வெயில் ஏறும் வரை ஓட்டுவது முக்கியம். பகலில் வேடிக்கைக்காக ஓட்டிவிட்டு ராத்திரி அணைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்! வருஷக்கணக்கில் தேங்கிக் கிடந்த குளமாக இருந்தால் முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். அடியில் கிடக்கும் கெட்ட தண்ணீர் ஒரேயடியாக மேலே வந்து இருக்கிற மீனையும் கொன்றுவிடும். முதலில் சிறிது நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகலாம். ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடாதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிக்கொள்ளுங்கள். மிதந்த மீனை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்க வேண்டாம். எப்போது செத்தது என்று விற்கிறவருக்கே தெரியாது.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் புளுக் புளுக் என்று குமிழி விடுகிற சின்ன மோட்டாருக்கும் இதே வேலைதான். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ராத்திரி அணைத்துவிடாதீர்கள். கரண்டு போனால் ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். பத்து நிமிஷம் ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி செய்யலாம். குழந்தைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். கீழே ஒரு பழைய துணியை விரித்துவைத்துவிடுங்கள்.